சந்தனமும் மல்லிகையும்: வெதுவெதுப்பான மர-மலர் வாசனையைப் பூசவும் முகர்ந்து அறியவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மரத்தின் மணமும் மலரின் மணமும் ஒன்றுகலந்து, உடலின் சூட்டில் மெல்ல விரிந்து, மாலைவரை தோலோடு தங்கும் வாசனைத் திரவியங்கள் தனியொரு வகை. அந்த வகையைத் தமிழ் வாசகருக்கு விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, கெர்லான் நிறுவனத்தின் சம்சாரா. பாரிஸில் 1828இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்காக, அக்குடும்பத்தின் கடைசி வாசனைக் கலைஞரான ழான் போல் கெர்லான் உருவாக்கிய சம்சாரா 1989இல் வெளிவந்தது. சந்தனம், மல்லிகை ஆகிய இரண்டின் மேல்தான் அதன் கட்டுமானம் முழுவதும் நிற்கிறது. கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தையும் பூத்தட்டையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இரண்டு மணங்களும் பழக்கமானவை என்பது உண்மைதான். ஆனால் அவற்றை ஒரே புட்டிக்குள் வைத்து, மணிக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படச் செய்வது முற்றிலும் வேறு கலை.

இவ்வகையில் மலர் முன்னால் வரும். மரம் பின்னால் நின்று தாங்கும். மரத்தின் மணம் முழுதாக வெளிப்படக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். ஆகவே தேர்ந்தெடுப்பது, பூசுவது, மதிப்பிடுவது ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பின்னேர மணத்தை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பதுதான்.

படி 1: புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

முகர்வதற்கு முன் மூலப்பொருள்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டால், மூக்கு தேட வேண்டியது எது என்பது தெளிவாகும். பெயர் தெரியாத மணத்தை மூக்கு உணர்ந்தாலும் மனம் பிடித்துவைத்துக்கொள்வதில்லை.

முதலில் சந்தனம். மணம் இருப்பது மரத்தின் உள்ளிருக்கும் வைரப்பகுதியிலும் வேரிலும் மட்டுமே; வெளிப்புற வெள்ளைக் கட்டையில் மணமில்லை. சந்தன மரம் பக்கத்து மரங்களின் வேர்களில் தன் வேரைச் செலுத்தி, நீரையும் சத்தையும் பெற்று வளரும் பாதி ஒட்டுண்ணி. நல்ல வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வைரத்தைத் தூளாக்கி, நீராவியில் நீண்ட நேரம் வடித்தால்தான் எண்ணெய் கிடைக்கும். மைசூரில் அரசின் சந்தன எண்ணெய் ஆலை 1916இல் தொடங்கப்பட்ட பிறகு, ‘மைசூர்ச் சந்தனம்’ என்பதே உலக வாசனைத் துறையில் தர அடையாளமாயிற்று. அந்த எண்ணெயின் உயிர் ஆல்பா சாண்டலால், பீட்டா சாண்டலால் என்னும் இரண்டு பொருள்களில் இருக்கிறது. இரண்டும் கனமான மூலக்கூறுகள்; எளிதில் ஆவியாகாதவை. சந்தனம் மெதுவாக வெளிப்படுவதற்கும் நீண்ட நேரம் தங்குவதற்கும் காரணம் இதுவே.

இந்த இடத்தில் நம் பழக்கத்துக்கும் வாசனைத் துறையின் வழக்கத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் சந்தனத்தைக் குளிர்ச்சி என்கிறோம். அவர்களோ வெதுவெதுப்பான மணங்களின் வரிசையில் அதை வைக்கிறார்கள். இரண்டும் சரிதான். கல்லில் உரைத்த சந்தனத்தைப் பூசும்போது குளிர்வது, குழம்பிலுள்ள நீர் தோலிலிருந்து ஆவியாவதால். எண்ணெயாகப் பூசும்போது அந்த நீர் இல்லை. சுண்டக் காய்ச்சிய பாலை நினைவூட்டும் வழவழப்பான இனிய மணம் மட்டுமே தோலின் சூட்டில் எழுகிறது. கூதிர்காலம் வந்ததும் சந்தனத்தையும் அதை அரைக்கும் கல்லையும் ஒதுக்கிவிட்டு, அகிலைப் புகைத்து வெம்மை தேடிய வழக்கத்தை நம் சங்கப் பாட்டு பதிவுசெய்திருக்கிறது. பருவத்துக்கேற்ப மணத்தை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. அதைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

அடுத்தது மல்லிகை. வாசனைத் தொழிலில் இரண்டு மல்லிகைகள் முக்கியமானவை. ஒன்று, நாம் சரமாகத் தொடுக்கும் குண்டுமல்லி. மற்றொன்று, பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் நாம் அழைக்கும், இளஞ்சிவப்பு ஓடிய மெல்லிய மொட்டுடைய பூ. பிரெஞ்சு வாசனை மரபில் வெறுமனே ‘மல்லிகை’ என்றால் பெரும்பாலும் இந்தப் பிச்சியையே குறிக்கும். தமிழ்நாட்டில் விளையும் இரண்டு பூக்களின் சாரமும் உலகெங்கும் உள்ள வாசனை நிறுவனங்களுக்குச் செல்கிறது. மல்லிகையின் மணத்தில் பெரும்பகுதி நீராவிச் சூட்டில் சிதைந்துவிடும். எனவே வாசனை ஆலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, ‘கான்கிரீட்’ எனப்படும் மெழுகுத்தன்மையுள்ள பொருளைப் பிரித்து, அதிலிருந்து ஆல்கஹால் மூலம் ‘அப்சொல்யூட்’ என்னும் தூய சாரத்தை எடுக்கிறார்கள். குண்டுமல்லி மொட்டாகத்தான் ஆலைக்கு வரும். அதை உடனே கரைப்பானில் இடுவதில்லை. மாலையில் தானாக மலரும்வரை பரப்பிவைத்துக் காத்திருக்கிறார்கள், ஏனெனில் பறித்த பிறகும் அந்தப் பூ மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

மல்லிகைச் சாரத்தில் இன்டோல் என்னும் பொருள் சிறிதளவு உண்டு. தனியாக அடர்த்தியாக முகர்ந்தால் அது முகம் சுளிக்கவைக்கும். பூவின் மற்ற மணங்களுக்கு நடுவே சிறிதளவு இருக்கும்போதோ, மல்லிகைக்கு உயிரும் உடலும் தருவதே அதுதான். இரவு தலையில் வைத்த சரம் காலையில் வாடித் தரும் அந்தக் கனத்த மணத்தை நினைத்துப்பாருங்கள். அதை வெறுக்கிறவர்களுக்குச் சம்சாரா போன்ற வாசனைகள் பிடிக்காமல் போகலாம். இது ரசனைக் குறைவு அன்று. வாங்குவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி, அவ்வளவே.

இந்த இரண்டையும் சுற்றி மற்றவை நிற்கின்றன. தொடக்கத்தில் பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தோலின் கூர்மை தெரியும். சீத்தாக் குடும்பத்தைச் சேர்ந்த, நம் மனோரஞ்சிதத்துக்கு உறவான இலாங்-இலாங், கனிந்த வாழைப்பழத்தின் சாயலைத் தருகிறது. ஐரிஸ் என்னும் பூச்செடியின் கிழங்கு பவுடர் பூசியது போன்ற மென்மையைத் தருகிறது. அந்தக் கிழங்கைத் தோண்டிய உடனே மணக்காது, ஆண்டுக்கணக்கில் உலரவைத்த பிறகே மணம் பிறக்கும். அடியில் டோங்கா விதையும் வனிலாவும் இருக்கின்றன. டோங்காவிலுள்ள கூமரின், வெயிலில் காய்ந்த புதுவைக்கோலையும் பாதாமையும் ஒருங்கே நினைவூட்டும். சந்தனத்தின் வெதுவெதுப்பைக் கூட்டிக்காட்டுபவை இவை இரண்டுமே.

சந்தன மரம் அருகிவிட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 1998 முதல் அது அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக இருக்கிறது. எனவே இன்றைய வாசனைகளில் இயற்கைச் சந்தனத்தோடு, அல்லது அதற்குப் பதிலாக, சாண்டலோர், ஜவனால், பாலிசாண்டால் போன்ற ஆய்வகச் சந்தன மணங்கள் பெரிதும் பயன்படுகின்றன. இதைக் கலப்படமாகக் கருத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நல்ல கலைஞரின் கையில் அவை இயற்கை எண்ணெயின் மணத்தைத் தூக்கிக்காட்டிப் பரவச்செய்கின்றன. சம்சாரா வெளிவந்த 1989லேயே இயற்கைச் சந்தனமும் ஆய்வகச் சந்தனமும் அதில் கைகோத்திருந்தன.

படி 2: கடையில் அவசரப்படாமல் தேர்ந்தெடுங்கள்

கடைக்குச் செல்லும் நாளில் வேறு எந்த வாசனையும் பூசாமல் செல்லுங்கள். தலையில் பூவும் வேண்டாம். காலையிலோ முற்பகலிலோ செல்வது நல்லது, மூக்கு அப்போது களைத்திருக்காது. முதலில் காகிதப் பட்டையில் தெளித்து, ஆல்கஹால் ஆவியாக அரை நிமிடம் விட்டு, பிறகு முகருங்கள். பட்டையில் பிடித்தால் மட்டுமே தோலுக்குச் செல்ல வேண்டும். ஒரு கைக்கு ஒரு வாசனை. இரண்டு கைகளுக்கு இரண்டு. அதற்கு மேல் முயன்றால் எதையும் நினைவில் வைக்க இயலாது. மூக்கைத் தெளிவிப்பதாகச் சொல்லிக் காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார்கள். வெறும் காற்றைவிட அதனால் கூடுதல் பயன் இல்லை. வெளியே சென்று சில நிமிடங்கள் நின்றுவிட்டு வாருங்கள், அல்லது வாசனை படாத உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகருங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். அன்றைக்கே வாங்காதீர்கள். விற்பனையாளர் எவ்வளவு அன்போடு வற்புறுத்தினாலும், பெர்கமாட்டும் இலாங்-இலாங்கும் முன்னால் நிற்கும் முதல் பத்து நிமிடங்களை வைத்து இவ்வகை வாசனையை வாங்குவது, நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கும்போதே கச்சேரியை மதிப்பிடுவது போன்றது. கையில் பூசியதோடு வீட்டுக்கு வாருங்கள். மதிய உணவுக்குப் பின்னரும் மாலையிலும் முகருங்கள். இரவு உறங்கப்போகும்போது கையில் மிச்சமிருக்கும் மணம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதுவே உங்கள் புட்டி.

அடர்த்தியையும் கவனியுங்கள். கடைகளில் இ.டி.டி. (ஓ து துவாலெத்) என்று சொல்வதில் வாசனைச் சாரம் குறைவு, இ.டி.பி. (ஓ து பர்ஃபம்) என்பதில் அதிகம். எல்லா வேளையும் அடர்ந்ததே சிறந்தது என்று பொருளில்லை. மர-மலர் வகையில் இ.டி.டி. பெரும்பாலும் காற்றோட்டமாகவும் பழத்தோலின் கூர்மையோடும் இருக்கும், இ.டி.பி. நேராகச் சந்தனத்துக்கும் வனிலாவுக்கும் இறங்கும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் முதலாவதையே நான் பரிந்துரைப்பேன்.

படி 3: தோலைத் தயார்செய்யுங்கள்

வறண்ட தோலில் எந்த வாசனையும் நீண்ட நேரம் நிற்காது. குளித்து, துவட்டி, தோலில் இன்னும் இலேசான ஈரப்பதம் இருக்கும்போதே மணமில்லாத மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். அது உள்ளிறங்கச் சில நிமிடங்கள் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லதுதான். ஆனால் அதற்கென்று ஒரு மணம் உண்டு, அது ஐரிஸின் மென்மையை மறைத்துவிடும். சோப்பு விஷயத்தில், கடுமையான எலுமிச்சை மணமோ புதினா மணமோ உள்ளவை இவ்வகைக்குப் பொருந்தா. சந்தன சோப்பு பொருந்தும். மரத்தின் மேல் மரம் என்பதால், கடைசிவரை தங்கும் அடிமணம் இன்னும் சிறிது நேரம் நீடிப்பதாகத் தோன்றும்.

புதிய வாசனை என்றால், முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளியிட்டு ஒரு நாள் முழுவதும் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் கழுவிவிட்டு, அந்த வாசனையைத் துணியில் மட்டும் பயன்படுத்துங்கள் அல்லது விட்டுவிடுங்கள். சவரம் செய்த உடனேயும், வெட்டுக்காயத்தின் மேலும் தெளிக்கக் கூடாது.

படி 4: எவ்வளவு, எங்கே, எப்படிப் பூசுவது

மர-மலர் வாசனைகள், குறிப்பாக 1980களின் இறுதியில் பிறந்தவை, அறை முழுவதையும் நிரப்பக் கூடியவை. ஒரு தெளிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டர், சாதாரண வேலைநாளுக்கு அதுவே போதும், மாலை நிகழ்ச்சிக்கு இரண்டு. மூன்றாவது தெளிப்பு தேவை என்று தோன்றினால், பெரும்பாலும் அது உங்கள் மூக்கு பழகிவிட்டதன் அடையாளமே தவிர, வாசனை குறைந்ததன் அடையாளம் அன்று.

ஒரு சாண் தொலைவில் புட்டியைப் பிடித்துத் தெளியுங்கள். இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, உடைக்குள் மறையும் நெஞ்சுப்பகுதி. அங்கே உடற்சூடு சீராக இருக்கும். துணி ஒரு திரையாக நின்று மணத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும். குனியும்போதும் திரும்பும்போதும் மட்டும் மெல்லிய அலையாக எழும். முழங்கை மடிப்பு, பிடரி, முழங்காலின் பின்புறம் ஆகியவையும் நல்ல இடங்கள். சூடு மேல்நோக்கி எழுவதால் முழங்காலின் பின்புறம் பூசியது மெதுவாக மேலே வரும். மணிக்கட்டு, முகர்ந்து பார்க்க வசதியானது. ஆனால் கை கழுவும் ஒவ்வொரு தடவையும் அங்கிருக்கும் வாசனை குறையும்.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்க வேண்டாம். தேய்ப்பதால் ஏற்படும் சூடு, முதலில் எழும் மேல்மணங்களை விரைந்து ஓடச்செய்யும். பெர்கமாட்டிலிருந்து மல்லிகைக்கு மாறும் அந்த அழகான இடைவெளி உங்களுக்குக் கிடைக்காமல் போகும். தெளித்துவிட்டுத் தானாக உலர விடுங்கள்.

பட்டுப் புடவையின் மேல் நேரடியாகத் தெளிக்கவே கூடாது. ஆல்கஹாலும் நிறமுள்ள சாரங்களும் பட்டில் கறை விடும், சரிகையையும் மங்கச்செய்யும். தோலில் பூசி முழுவதும் உலர்ந்த பிறகு உடுத்துங்கள், அல்லது ஒரு பருத்திக் கைக்குட்டையில் தெளித்து இடுப்பிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். முத்து நகைகளை வாசனை உலர்ந்த பிறகே அணிய வேண்டும். வெளியே கிளம்ப இருபது நிமிடங்களுக்கு முன் பூசுவது நல்ல வழக்கம். முதல் கூர்மை வீட்டிலேயே அடங்கிவிடும், வெளியே நீங்கள் எடுத்துச்செல்வது மலரை மட்டுமே.

படி 5: மணிக்கணக்கில் கூடவே இருந்து கவனியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. இதற்காகத்தான் மற்ற படிகள் எல்லாம். ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்தெடுங்கள். சமையலறையில் தாளிக்கும் மணமோ சாம்பிராணியோ இல்லாத அறை வேண்டும். முழங்கை மடிப்பில் ஒரு தெளிப்பு. கையில் ஒரு குறிப்பேடு.

முதல் கால் மணி நேரத்தில் ஆல்கஹாலின் சுருக்கென்ற தொடக்கம், அதன்பின் பெர்கமாட், அதை உடனே மூடிக்கொள்ளும் இலாங்-இலாங்கின் பழ இனிப்பு. இலேசான மூலக்கூறுகள் முதலில் கிளம்பிச் செல்வதால் இந்த நிலை குறுகியது. மூக்கைத் தோலோடு ஒட்டாதீர்கள். நான்கு விரல் தள்ளி வைத்து, நீண்ட ஒரே மூச்சாக இழுக்காமல், சிறு சிறு மூச்சுகளாக முகருங்கள். மோப்ப நாய் முகரும் முறையும் இதுவே.

அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை மல்லிகையின் நேரம். உங்கள் நினைவிலிருக்கும் சரத்தோடு இதை ஒப்பிடுங்கள். மொட்டின் பச்சை வாசம் இங்கே குறைவாகவும், விரிந்த பூவின் கனம் அதிகமாகவும் இருப்பதை உணரலாம். பூவுக்குக் கீழே ஏதோ ஒன்று வழவழப்பாக இருப்பது இப்போதே தெரியத் தொடங்கும், அது மரம். இந்த நேரத்தில் மென்மையான பவுடர் மணம் ஒரு கணம் தோன்றி, அடுத்த மூச்சில் மறைந்து, மீண்டும் வந்தால் வியக்க வேண்டாம். ஐரிஸ், வயலெட் வகை மணங்களுக்குக் காரணமான அயனோன் குடும்பப் பொருள்கள் மூக்கின் உணர்வை விரைவில் களைப்படையச் செய்பவை. மணம் போய்விடவில்லை, மூக்கு ஓய்வெடுக்கிறது.

மூன்றாம் மணிக்குப் பின் சந்தனம் முன்னால் வரும். மலர் இப்போது அதன் ஓரத்தில் சாயலாக மட்டுமே நிற்கும். டோங்காவின் வைக்கோல் வாசமும் வனிலாவின் இனிப்பும் மரத்தோடு இணைந்து, உடலின் மணத்தோடும் கலந்து, இது புட்டியிலிருந்து வந்ததா உங்கள் தோலிலிருந்து வந்ததா என்று பிரிக்க இயலாத நிலை உருவாகும். ஒரே வாசனை இருவரிடம் இரு விதமாக மணப்பதை நீங்கள் அதிகம் காண்பதும் இந்த நேரத்தில்தான். இவ்வகை வாசனைகளில் நல்லதையும் சாதாரணமானதையும் பிரிப்பது இந்த மூன்றாம் மணிதான் என்பேன். மலிவாகச் செய்தவற்றில் இந்த இடத்தில் வெறும் சர்க்கரை இனிப்போ, பென்சில் சீவியது போன்ற வறண்ட மர மணமோ மட்டும் எஞ்சியிருக்கும்.

மரத்தின் மணமே உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உடனே வாசனையைக் குறைசொல்ல வேண்டாம். சந்தன மூலக்கூறுகள் சிலவற்றை முகர இயலாதவர்கள் உண்டு. மற்ற மணங்களில் அவர்கள் மூக்கு கூர்மையாகவே இருக்கும். வீட்டிலுள்ள வேறொருவரை முகரச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால், வேறு சந்தன மூலக்கூறு பயன்படுத்திய இன்னொரு வாசனையை முயன்றுபாருங்கள்.

குறிப்பேட்டில் ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். நேரத்தைக் குறித்து, அந்த மணம் எந்தப் பொருளை, எந்த இடத்தை நினைவூட்டுகிறது என்று எழுதுங்கள்: கற்பூரப் பெட்டி, பாட்டியின் மரப்பீரோ, ஏலக்காய் போட்ட பால், மழைக்குப் பின் மரப்பலகை. நமக்குச் சொந்தமான இந்தப் பட்டியலே, பிரெஞ்சு விளம்பர வாசகங்களைவிட நம் மூக்குக்கு நல்ல வழிகாட்டி. வேறு வேறு பருவங்களில் இதே போல எழுதிப்பார்த்தால், அதே புட்டி வெவ்வேறு முகம் காட்டுவது தெரியவரும்.

படி 6: பருவமும் இடமும்

வெதுவெதுப்பான வாசனைக்கு ஏற்ற காலம் நம் ஊரில் ஐப்பசி மழையிலிருந்து மாசிப் பனிவரை. மார்கழி விடியற்காலைக் குளிரில் சந்தனமும் வனிலாவும் தோலை விட்டு அகலாமல், நெருங்கி நிற்பவருக்கு மட்டும் தெரியும் அளவில் இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் ஆண்டு முழுவதும் பூசலாம். சித்திரை, வைகாசி வெயிலில் மேல்மணங்கள் நொடியில் பறந்துவிட, இனிப்பும் இன்டோலும் வியர்வையோடு சேர்ந்து கனத்துப்போகும். அக்காலத்தில் பகலில் தவிர்த்து, இரவுக் குளியலுக்குப் பின் ஒரே ஒரு தெளிப்பு போடுவது நல்லது. குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் மணம் ஒரே காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், அங்கும் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

மருத்துவமனை, நெரிசலான பேருந்து, தேர்வு அறை, கைக்குழந்தை இருக்கும் வீடு ஆகிய இடங்களுக்கு இவ்வகை வாசனை பூசிச் செல்லக் கூடாது. மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு அது துன்பம்.

தலையில் உண்மையான மல்லிகை வைத்துக்கொள்ளும் நாளில் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். பூவோடு பூ போட்டியிட வேண்டியதில்லை. வாசனையைக் காலை வேளையிலேயே பூசிவிட்டு, மாலையில் சரம் வையுங்கள். அதற்குள் புட்டியின் மல்லிகை அடங்கி மரம் மட்டும் எஞ்சியிருக்கும். தலையிலுள்ள பூ மலரின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். உயிருள்ள மலரும் தோலில் பதிந்த சந்தனமும் சேரும் இந்தக் கூட்டுக்கு இணையாக எந்த ஆய்வகக் கலவையையும் நான் சொல்லமாட்டேன்.

படி 7: அத்தர் வழி

ஆல்கஹால் வேண்டாம் என்பவர்களுக்கும், இவ்வகையின் மூலவேரை அறிய விரும்புபவர்களுக்கும் கன்னோசியின் மோதியா அத்தர் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோசியில், செம்புப் பானையில் குண்டுமல்லியை நீரோடு இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகுத் தீ மூட்டுகிறார்கள். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் இன்னொரு கலத்துக்குச் செல்கிறது. அந்தக் கலத்தில் காத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் ஆவி மரத்தின் எண்ணெயில் இறங்கித் தங்குகிறது. மலரையும் மரத்தையும் இணைக்கும் எண்ணத்தின் மிகப் பழைய, மிக நேரடியான வடிவம் இது.

இன்று சந்தன எண்ணெயின் விலை காரணமாகப் பல அத்தர்களில் அடித்தளமாக வேறு மலிவான எண்ணெய்களே இருக்கின்றன. வாங்கும்போது அடித்தளம் என்ன என்று கேளுங்கள். விலை மிகக் குறைவாக இருந்தால் அதில் சந்தனம் இருக்க வாய்ப்பில்லை. ஒரு துளியை மணிக்கட்டில் இட்டு மறுநாள் காலை முகர்ந்தால், சந்தனம் இருந்தால் இன்னும் தெரியும்.

பூசும் முறை ஸ்ப்ரேயிலிருந்து வேறுபட்டது. கண்ணாடிக் குச்சியால் ஒரு துளியைக் காதுமடலின் பின்னும் முழங்கை மடிப்பிலும் தொட்டுவைத்தால் போதும். சிறு பஞ்சில் நனைத்துக் காதுமடலின் மடிப்பில் செருகிக்கொள்வது பழைய வழக்கம். துணியில் பட்டால் எண்ணெய்க் கறை படியும். அத்தர் அறையில் பரவாது. உங்களைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குள் நிற்கும். அந்த நெருக்கமே அதன் அழகு.

படி 8: புட்டியைக் காத்தல்

வாசனையின் பகைவர்கள் வெளிச்சம், சூடு, காற்று. புட்டியைக் குளியலறையிலும் சன்னலோரத்திலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கக் கூடாது. அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்து, துணி அலமாரியின் அடித்தட்டில் வைப்பது நம் வீடுகளுக்குப் போதுமானது. சிறிய புட்டிகளில் மாற்றி ஊற்றினால் காற்று பட்டு விரைவில் கெடும். பயணத்துக்கு வேண்டுமானால் சில வாரங்களுக்குரிய அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டியிலும் புட்டியின் அடியிலும் உள்ள தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். வேறுபட்டால் போலியாக இருக்கலாம்.

நிறம் சற்றுக் கருப்பது மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. மல்லிகைச் சாரமும் வனிலாவும் உள்ளவை நாளடைவில் கருமையாகும். தெளித்தவுடன் காடியோ நெயில் பாலிஷோ போன்ற புளித்த வாடை வந்தால் மேல்மணங்கள் கெட்டுவிட்டன என்று பொருள். அப்போதும் புட்டியை எறியாதீர்கள். ஒரு கைக்குட்டையில் தெளித்து இரண்டு மணி நேரம் விட்டு முகர்ந்துபாருங்கள். அடியிலுள்ள மரம் பெரும்பாலும் கெடாமல் இருக்கும், அந்தக் கைக்குட்டையைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பயன்படுத்தலாம்.